ராத்திரியில் காணாமல் போகும் கீரை: ஓடில்லா நத்தையை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

காலையில் பாத்தியைப் பார்க்கப் போனால், நேற்று சாயங்காலம் இரண்டிலையோடு நின்ற அரைக்கீரை நாற்றில் ஒரு வரிசையே இல்லை. பூச்சியும் கண்ணில் படவில்லை, புழுவும் இல்லை. இப்படி ஒரு காலையைப் பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. ஆகவே ஓடில்லா நத்தைக்கும் இரண்டு சீசன். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியும் மொட்டை மாடியில் இருபது பைகளும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் எந்த இலையில் ஓட்டை விழுந்தாலும் வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்துக்கொண்டிருந்தேன். புழு குறைந்தது, நாற்று காணாமல் போவது மட்டும் நிற்கவே இல்லை. ஆள் யார் என்று பார்க்காமலே வைத்தியம் செய்ததால் வந்த வினை அது.

மருந்துக்கு முன்னால் டார்ச்

ஓடில்லா நத்தை பகலில் வெளியே வராது. உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், மேலே மூடி வைக்க ஓடும் கிடையாது; வெயில் பட்டால் காய்ந்துவிடும். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது ஒன்பது, பத்து மணிக்கு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். மழை விட்ட ராத்திரி என்றால் இன்னும் நல்லது. முடியாதவர்கள் விடிவதற்கு முன்னால் நாலரை, ஐந்து மணிக்குப் போகலாம். சூரியன் வந்த பிறகு போனால் தடம்தான் இருக்கும், ஆள் இருக்காது.

எங்கள் ஊர்களில் அதிகம் தென்படுவது தட்டையான, தோல் செருப்பின் துண்டு போல இருக்கும் கரும்பழுப்பு நிற வகை. முதுகின் நடுவில் தலையிலிருந்து வால் வரைக்கும் வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவியது. சிலர் இதை அட்டை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அட்டை ரத்தம் குடிக்கும். இது இலையைத் தவிர உங்களிடம் எதையும் கேட்காது. ஆனாலும் வெறும் கையால் தொட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு தடவை தண்டுக்கீரை இலையில் டார்ச் வெளிச்சத்தை அசைக்காமல் வைத்துப் பார்த்தேன். இலையின் நடுவில் உட்கார்ந்து தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. வாய்க்குள் அரம் மாதிரி ஒரு நாக்கு இருக்கிறது. அதில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான நுண்பற்கள். அது கடிப்பதில்லை, சுரண்டுகிறது. கீழே வரும் பல அறிகுறிகளை அடையாளம் காண இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

அறிகுறி: நாற்று அடியோடு காணோம்

மண்ணில் குட்டையான தண்டு மட்டும் நிற்கிறது, அல்லது அதுவும் இல்லை, மேல் பகுதி எங்கேயும் கிடக்கவில்லை என்றால் நத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது முழுசாகத் தின்றுவிடும்.

நாற்று அடியில் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்ட மேல் பகுதி பக்கத்திலேயே வாடிக் கிடந்தால் அது வெட்டுப்புழு. அந்த இடத்தில் விரலால் ஓர் அங்குலம் மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். நாற்று சாய்ந்து கிடக்கிறது, மண்ணை ஒட்டிய தண்டு நீர் கோத்து நூலாக மெலிந்திருக்கிறது என்றால் நாற்றழுகல். அது பூஞ்சை வேலை. தண்ணீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டும். மண் கிளறப்பட்டு விதையோடு போயிருந்தால் அணிலையோ எலியையோ கோழியையோ பாருங்கள்.

நத்தைதான் என்று உறுதியானால், பாத்தியில் நேராக விதைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் நான் நாற்றுத் தட்டை ஒரு பழைய ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் நாலு கால்களையும் உப்புத் தண்ணீர் விட்ட கிண்ணங்களில் நிறுத்துகிறேன். பலகாரத்துக்கு எறும்பு வராமல் இருக்க நம் வீடுகளில் செய்கிற அதே ஏற்பாடு. ஸ்டூல் சுவரையும் செடியையும் தொடக் கூடாது, ஓர் இலை தொட்டாலும் அது பாலம். கிண்ணத்துத் தண்ணீரை வாரம் ஒரு முறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வேறு பெருகும். நாற்று நாலைந்து இலை விட்டு, தண்டு கொஞ்சம் முற்றிய பிறகு நடுங்கள். முற்றிய தண்டின் மேல் நத்தைக்கு அவ்வளவு ஆசை இல்லை. நட்டபின் முதல் பத்து நாளைக்கு, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் வளையத்தைச் சுற்றிலும் மண்ணுக்குள் இரண்டு விரற்கடை அழுத்தி வையுங்கள். இதனால் முழுப் பாதுகாப்பு இல்லை, வெட்டுப்புழுவுக்கும் சேர்த்து ஓரளவு தடை.

அறிகுறி: இலையில் ஓட்டை

இலையின் நடுவில், ஒழுங்கில்லாத வடிவில், ஓரம் மழமழவென்று இருக்கும் ஓட்டைகள் என்றால் நத்தை. பெரிய நரம்பை விட்டுவிட்டு நடுச்சதையைத்தான் முதலில் சுரண்டும். தடித்த இலையாக இருந்தால் சில இடங்களில் மேல்தோல் மட்டும் போய் கண்ணாடி போல மெல்லிய சவ்வு நிற்கும்.

ஓட்டையோடு இலை மேல் கறுப்புக் கடுகு மாதிரி எச்சம் கிடந்தால் அது கம்பளிப்புழு, இல்லை வேறு ஏதாவது புழு. இலையைத் திருப்பிப் பாருங்கள், அங்கேயே இருக்கும். ஓரத்திலிருந்து பெரிய பெரிய துண்டாகப் போயிருந்தால் வெட்டுக்கிளி. முள்ளங்கி இலையில் குண்டூசியால் குத்தினது போல நூறு துளை இருந்தால் அது தத்திக் குதிக்கிற சின்ன வண்டு. கத்தரி இலையில் பச்சையம் முழுக்கச் சுரண்டப்பட்டு நரம்பு வலை மட்டும் மிஞ்சி நின்றால் புள்ளி வண்டும் அதன் முள்ளுமுள்ளான மஞ்சள் புழுவும். இதிலும் சுரண்டல்தான் என்பதால் பலருக்குக் குழப்பம் வருகிறது. பகலிலேயே இலையின் அடியில் புழு கண்ணில் பட்டுவிடும், அதுதான் வித்தியாசம்.

பளபளக்கும் தடம் இருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் தடம் இல்லை என்பதை வைத்து நத்தை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர்க் கறுப்பு வகை விடுவது மெல்லிய தடம். ஒரு தூறல் போட்டாலே அழிந்துவிடும்.

அறிகுறி: காயில் குழி

மண்ணில் படுத்திருக்கும் தக்காளி, வெள்ளரி, பூசணிப் பிஞ்சு இவற்றில்தான் வரும். மேலோட்டமாகச் சுரண்டிய அகலமான குழி இருந்தால் நத்தை. வட்டமான ஒற்றைத் துளை, உள்ளே ஈரமான எச்சம் என்றால் காய்ப்புழு. நத்தை என்றால் தீர்வு எளிது: தக்காளிக்குக் குச்சி கட்டுங்கள், கொடியைப் பந்தலில் ஏற்றுங்கள், பூசணிக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டையோ தேங்காய் மட்டையையோ வையுங்கள். மட்டையை வைத்தால் தினமும் காலையில் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் அடியில்தான் நத்தை போய்ப் படுக்கும்.

அறிகுறி: தின்ற அடையாளம் இருக்கிறது, ஆளைக் காணோம்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன். ராத்திரியில் வெளியே வருவதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது. பகலில் அது எங்கே படுக்கிறது என்று தெரிந்தால்தான் பாதி முடிந்தது போல.

நான் தேடும் இடங்கள் இவை. தொட்டிகளின் அடித்தட்டு, பைகளின் அடிமடிப்பு, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் செங்கல், வாழைத்தூரில் சுற்றியிருக்கும் காய்ந்த சருகு, மூடாக்காகப் போட்ட வைக்கோல், குழாயடிக் கல், உரக்குழி. எங்கள் பக்கத்தில் தேங்காய் மட்டையைக் கதம்பை என்போம்; செடியைச் சுற்றி ஈரம் காக்கக் கதம்பையைக் கவிழ்த்து அடுக்குவது வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் நத்தைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மழைக்காலத்தில் நாற்றுப் பாத்தியிலிருந்து மட்டும் கதம்பையை எடுத்துவிடுங்கள். வளர்ந்த தென்னைக்கும் வாழைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு, நீங்களே ஒரு வீடு கட்டிக்கொடுங்கள். ஒரு பழைய சாக்கை நனைத்து, அதற்குள் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸின் மேல் இலைகளையோ போட்டு, சாயங்காலம் பாத்தி ஓரத்தில் நிழலில் வையுங்கள். வாடிக்கொண்டிருக்கும் இலையின் வாசனைக்கு நத்தை வரும், விடிந்ததும் சாக்கின் ஈரத்திலேயே தங்கிவிடும். காலை ஏழு மணிக்கு விரித்தால் அப்படியே கிடக்கும். கேரளத்தில் ராட்சத நத்தைக்கு இந்த முறையைத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்; ஓடில்லாததற்கும் பலிக்கிறது. சாக்கை வைத்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து. நாலு நாள் புரட்டாமல் விட்டால் அது பொறியாக இருக்காது, பண்ணையாகிவிடும்.

இன்னொரு பொறி சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைப்பார்கள். நத்தையை இழுப்பது மதுவில் இருக்கும் போதையன்று, புளிப்பு வாசனை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மாவு, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் பிசைந்த ரொட்டி மாவே போதும் என்று காட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு மேசைக்கரண்டி மைதா, ஒரு சிட்டிகை ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கூழாகக் கரைத்து, சிரட்டையில் பாதிக்கு ஊற்றிப் புதைக்கிறேன். விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கட்டும். மண்ணோடு சமமாகப் புதைத்தால், நத்தை முட்டைகளைத் தின்னும் தரை வண்டுகளும் உள்ளே விழுந்து சாகும். ஈஸ்ட் இல்லாத நாட்களில் புளித்துப்போன தோசை மாவை வைத்துப் பார்த்தேன். வந்தன, ஆனால் ஈஸ்ட் மாவுக்கு வந்த அளவு இல்லை. மழை பெய்தால் நீர்த்துவிடும், மேலே ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வையுங்கள்.

பிடித்ததை என்ன செய்வது? ஒரு பழைய வாளியில் லிட்டருக்கு இரண்டு கைப்பிடி கல்லுப்பு கரைத்து அதில் போடுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் முடியும்; சித்திரவதை குறையும் என்பதால் நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். அப்புறம் ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். உப்புத் தண்ணீரை மட்டும் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டு போகாதீர்கள். தென்னந்தூரில் ஊற்றலாம், தென்னை உப்புக்கு அசராது.

அறிகுறி: முட்டை ஓடு, சாம்பல், காப்பிச் சக்கை எல்லாம் போட்டாயிற்று, இன்னும் வருகிறது

வரும். 2018இல் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் லெட்யூஸ் கீரையை வைத்து இதைச் சோதித்தது. செம்புப் பட்டை, பொடிக்கல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு என்று ஐந்தையும் சுற்றிலும் போட்டுப் பார்த்ததில், எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் நத்தைச் சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முட்டை ஓட்டை உரத்துக்காகப் போடுங்கள், காவலுக்காக வேண்டாம். அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும் வரை கொஞ்சம் தடுக்கும். நனைந்த நிமிஷமே சேறு. நத்தை வருவதோ மழையில்.

காப்பிக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஹவாயில் செய்த ஆய்வொன்று 2002இல் வெளியானது: ஒன்று முதல் இரண்டு சதவீத காஃபீன் கரைசல் நத்தைகளைக் கொல்கிறது என்று. அந்தச் செய்திதான் உருண்டு உருண்டு "காப்பிச் சக்கை போட்டால் நத்தை வராது" என்று ஆகியிருக்கிறது. டிகாக்ஷன் இறக்கிய பிறகு சக்கையில் அவ்வளவு காஃபீன் எங்கே மிச்சம்? அது உரக்குழிக்குப் போகட்டும்.

நத்தை மேலேயே உப்பைத் தூவுகிறவர்களுக்கு: அது சாகும், கூடவே மண்ணும் கெடும். பைகளில் இருக்கும் கொஞ்சம் மண்ணில் இரண்டு தடவை உப்பு விழுந்தால் செடியின் இலை நுனி கருகத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் விட எனக்கு அதிகப் பலன் தந்தது ஒரு காசும் செலவில்லாத மாற்றம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு விடிகாலையில் ஊற்றத் தொடங்கினேன். சாயங்காலம் ஊற்றினால், நத்தை கிளம்பும் நேரத்தில் மண் முழுக்க ஈரமாக இருக்கும், அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். காலையில் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். வேருக்கு ஈரம் கிடைக்கும், நத்தைக்குப் பாதை கிடைக்காது. மழை இல்லாத நாட்களில் இது மட்டும் செய்தாலே சேதம் கண்கூடாகக் குறையும்.

அறிகுறி: எவ்வளவு பிடித்தாலும் குறையவில்லை

முட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஐப்பசியில் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தியபோது அடியில் ஜவ்வரிசிப் பாயசத்தின் மணிகளை நூலில் கோத்துச் சுருட்டி வைத்த மாதிரி ஒன்று கிடந்தது. கண்ணாடி போல ஒவ்வொரு மணியும், மேலே மண் துகள் ஒட்டியிருந்தது. முதலில் ஏதோ உர உருண்டை என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல். நத்தையில் ஆண் பெண் தனித்தனி இல்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஆகவே நீங்கள் விட்டுவைக்கும் ஒவ்வொன்றும் முட்டையிடக்கூடியது.

வாரம் ஒரு நாள் தொட்டிகளை நகர்த்துங்கள். முட்டையைக் கண்டால் ஒரு சிரட்டையில் எடுத்து வெந்நீர் ஊற்றுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் காலியான பாத்தியைக் கொத்திப் புரட்டி இரண்டு வாரம் காயவிடுங்கள். மாடியில் வைத்திருப்பவர்கள் "மூன்றாவது மாடிக்கு எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். நர்சரியிலிருந்து வாங்கின செடியின் மண்ணோடு வந்திருக்கும், அல்லது மட்காத உரத்தோடு. புதுச் செடியை வாங்கியதும் பையிலிருந்து உருவி, வேர்மண்ணின் அடியையும் ஓரத்தையும் பார்த்துவிட்டு வையுங்கள்.

செண்டுமல்லியையும் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் கிரேந்தி. வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும் என்று காய்கறிக்கு நடுவில் நடுகிறோம், ஆனால் இளம் கிரேந்தி நத்தைக்கு மிகப் பிடித்தமானது. நடாதீர்கள் என்று சொல்லவில்லை. ராத்திரி டார்ச்சோடு போகும்போது முதலில் அங்கே பாருங்கள்.

தவளை, தேரை, செம்போத்து இவை வந்து போகிற தோட்டமாக இருந்தால் விரட்டாதீர்கள். மின்மினியின் புழுப்பருவமும் நத்தையைத்தான் வேட்டையாடித் தின்கிறது. எங்கள் வேலியோரத்தில் மின்மினி இன்னும் வருகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே மருந்து அடிப்பதில்லை.

அறிகுறி: ஓடு இருக்கிறது, உள்ளங்கை அளவு

அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் மொரீசியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டது இன்று நாடெங்கும் இருக்கிறது. ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். ஈரச்சாக்குப் பொறியும் உப்பு வாளியும்தான் இதற்கும், ஆனால் உங்கள் வீட்டில் மட்டும் பிடித்துப் பயனில்லை. பக்கத்து வீடுகளோடு பேசி ஒரே நாள் காலையில் எல்லோரும் பிடிக்க வேண்டும். காலி மனையில் தூக்கி எறிந்தால் நடந்து திரும்பி வரும்.

மருந்துக் கடைக்குப் போவதாக இருந்தால்

கடையில் கிடைப்பது பெரும்பாலும் மெட்டால்டிஹைடு 2.5 சதவீதக் குருணை. வேலை செய்யும். ஆனால் நாய் தின்றால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்துவிட்டார்கள். வீட்டில் நாய், பூனை, தவழும் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது எவ்வளவோ தேவலை. தின்ற நத்தை தீனியை நிறுத்திவிட்டு ஒளிவிடத்தில் போய்ச் சாகும். வெளியே பிணம் தெரியவில்லையே என்று மருந்தைக் கூட்டிப் போடாதீர்கள். புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் (செம்பு உப்பு) கலந்து அடிக்கச் சொல்வார்கள். சுவருக்கும் வேலிக்கும் சரி. நாளைக்குப் பறித்துச் சமைக்கப் போகிற கீரை மேல் நிகோடினும் செம்பும் எதற்கு?

கையைப் பற்றி

எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நுண்புழு, எலி எச்சம் வழியாக நத்தைக்குள் வருகிறது. அந்த நத்தையோ, கீரை மடிப்பில் ஒட்டியிருக்கும் அதன் குஞ்சோ பச்சையாக நம் வயிற்றுக்குள் போனால் மூளைச்சவ்வில் அழற்சி வரலாம். ஆகவே கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். புதினா, மல்லி, லெட்யூஸ் போலப் பச்சையாகச் சாப்பிடுகிறவற்றை ஒவ்வோர் இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நத்தை சுரண்டிய இலையைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். சமைக்கிற கீரையில் நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை. நத்தையைக் கையாண்ட சில வாரங்களுக்குள் கடுமையான தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தால் மருத்துவரிடம் போய், நத்தையைத் தொட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.